பசுமை ஹைட்ரஜனும் அரசின் கடமையும்



பூமியின் உஷ்ணம் ஏறி வருகிறது என்பதையும், நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் இயற்கை வாயுவுமே அதற்குப் பிரதான காரணம் என்பதையும் இந்தச் சபையில் நிரூபித்துக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. அந்த எரிபொருள்களை விட்டு விலகுவதற்கு உலக ராஜ்யங்கள் இப்பொழுது நாடுகிற மார்க்கங்களுள் ஒன்று, காற்றாலும் வெயிலாலும் கிடைத்த மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜன். பசுமை ஹைட்ரஜன் என்று பெயர் பெற்றுவிட்ட இந்த வாயுவை ஒரு தேசம் எவ்விதம் திட்டமிட்டு உண்டாக்க வேண்டும், உண்டாக்கியதை எந்தக் காரியத்துக்கு முதலில் செலவிட வேண்டும், அதன் சுமை யார் தலையில் விழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பனவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். இவையெல்லாம் நிபுணர்களின் விவகாரம் என்று பொதுஜனங்கள் ஒதுங்கி நிற்பது முறையன்று. ஏனெனில் இதில் செலவாகப் போவது பொதுப் பணம், இதற்கு மூலதனமாகப் போகும் காற்றும் வெயிலும் கடற்கரையும் பொதுச் சொத்து.

நமது தேசத்தில் நடந்திருப்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021-ஆம் ஆண்டுச் சுதந்திர தினத்தன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் தேசிய ஹைட்ரஜன் இயக்கத்தை அறிவித்தார். 2022 பிப்ரவரியில் பசுமை ஹைட்ரஜன் கொள்கை வெளியாயிற்று. 2023 ஜனவரி 4-ஆம் தேதி மத்திய மந்திரிசபை 19,744 கோடி ரூபாய் செலவில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு அனுமதி அளித்தது. அத்தொகையில் 17,490 கோடி, மின்பகுப்புக் கருவிகளை உள்நாட்டிலேயே செய்வதற்கும் ஹைட்ரஜனை உற்பத்தி செய்வதற்கும் ஊக்கத்தொகையாக வைக்கப்பட்டது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் ஹைட்ரஜன், அதற்காக 125 கிகாவாட் புதிய மரபுசாரா மின்திறன், ஆண்டுதோறும் 5 கோடி டன் கரியமில வாயுக் குறைப்பு என்பன அதன் லட்சியங்கள். பின்னர்க் காண்ட்லா, பாரதீப், தூத்துக்குடி ஆகிய மூன்று துறைமுகங்கள் ஹைட்ரஜன் கேந்திரங்களாகத் தெரிந்தெடுக்கப்பட்டன. ஆகவே, தமிழ்நாட்டின் தென்கோடியில் வாழும் ஜனங்களுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல; தங்கள் வாசலுக்கே வந்துவிட்ட காரியம்.

இத்தருணத்தில் ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் ஆழப் பதித்துக்கொள்வது நலம். நிலக்கரியைப் போலவோ பெட்ரோலியத்தைப் போலவோ ஹைட்ரஜன் பூமியில் எங்கும் தாராளமாகத் தோண்டி எடுக்கத்தக்க நிலையில் கிடப்பதன்று. வேறொரு பொருளோடு பிணைந்திருப்பதைச் சக்தியைச் செலவிட்டுப் பிரித்தெடுத்தால்தான் அது நமக்குக் கைகூடும். இன்று இந்தியாவில் ஆண்டுதோறும் 50 லட்சம் டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் உபயோகமாகிறது. அதில் மிகப் பெரும் பகுதி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளிலும் உர ஆலைகளிலுமே செலவாகிறது. அந்த ஹைட்ரஜன் அநேகமாக முழுவதும் இயற்கை வாயுவிலிருந்து எடுக்கப்படுவதால், ஒரு கிலோ ஹைட்ரஜன் பிறக்கும்போது 9 அல்லது 10 கிலோ கரியமில வாயு ஆகாசத்தில் சேர்கிறது. நிலக்கரியிலிருந்து எடுத்தாலோ அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு சேரும். எனவே ஹைட்ரஜன் என்றவுடனே அது சுத்தமான பொருள் என்று நினைப்பது பிசகு. அதன் சுத்தமும் அசுத்தமும் அது பிறக்கும் வழியைப் பொறுத்தவை.

மின்சாரத்தைச் செலுத்தினால் நீர் இரண்டாகப் பிரியும் என்பதை 1800-ஆம் ஆண்டிலேயே நிக்கல்ஸன், கார்லைல் என்ற இரு ஆங்கிலேயர் பரிசோதித்துக் கண்டார்கள். இன்றைய தொழிற்சாலைகளில் அந்தப் பரிசோதனையே பிரம்மாண்டமான உருவத்தில் நடைபெறுகிறது. நிக்கல் பூசிய தகடுகள் நூற்றுக்கணக்கில் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் அடுக்கி இறுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு ஜோடித் தகடுக்கும் நடுவே, திரவத்தை ஊடுருவ விட்டு வாயுக்களைக் கலக்கவிடாமல் தடுக்கும் ஒரு மெல்லிய திரை இருக்கிறது. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தைக் கரைத்த நீர், கை வைக்கக் கூடாத 80 டிகிரி உஷ்ணத்தில், அவற்றினிடையே இடைவிடாமல் சுற்றி ஓடுகிறது. ஒவ்வொரு அறைக்கும் 2 வோல்ட்டுக்கும் சற்றுக் குறைவான அழுத்தமே போதும். ஆனால் பாயும் மின்னோட்டமோ ஆயிரக்கணக்கான ஆம்பியர். ஒரு முகத்தில் ஹைட்ரஜனும் மறுமுகத்தில் பிராணவாயுவும் குமிழிகளாகக் கிளம்பித் தனித்தனிக் குழாய்களில் ஏறிச் செல்கின்றன. புகை இல்லை, சாம்பல் இல்லை. தூத்துக்குடிச் சீமைக்கு இந்த வித்தை முற்றிலும் புதியதன்று. சாகுபுரத்துக் காஸ்டிக் சோடா ஆலையில் உப்புக் கரைசலை மின்சாரத்தால் பகுக்கும்போது, வேண்டிய சரக்கோடு கூடவே ஹைட்ரஜனும் உபபொருளாக நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கிறது.

எனினும், புகை இல்லாத அந்தக் கூடத்துக்குள் வந்து சேரும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாக வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனைப் பிரிப்பதற்கு நடைமுறையில் சுமார் 55 யூனிட் மின்சாரம் தேவைப்படுகிறது. இந்திய மின்தொடரில் இன்றைக்கும் நிலக்கரியே பிரதானமாதலால், ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 700 கிராமுக்குக் குறையாத கரியமில வாயு வெளியாகிறது. இவ்விரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: பொதுத் தொடரிலிருந்து எடுத்த மின்சாரத்தால் ஹைட்ரஜன் செய்தால், கிலோ ஒன்றுக்கு ஏறத்தாழ 40 கிலோ கரியமில வாயு. நாம் எதை ஒழிக்கப் புறப்பட்டோமோ அந்த இயற்கை வாயு முறையைவிட இது நான்கு மடங்கு தீமை. காற்றாலையின் மின்சாரத்தையே எடுத்துக்கொண்டாலும், அது முன்பே வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் போய்க்கொண்டிருந்ததாயின், அதை ஹைட்ரஜன் ஆலைக்குத் திருப்பிவிட்டு அந்த வீடுகளுக்கும் கிணறுகளுக்கும் அனல் மின்நிலையத்தில் கூடுதலாக நிலக்கரி எரிப்பது, ஒரு வீட்டுக் கூரையைப் பிரித்து இன்னொரு வீட்டுக்கு வேய்வதற்கு ஒப்பாகும். ஆதலால் பசுமை ஹைட்ரஜன் திட்டம் என்பது, முதலாவதாகவும் முக்கியமாகவும், புதிய மின்சாரத்தைப் பற்றிய திட்டமாகவே இருக்க வேண்டும். மின்சாரத்தின் கணக்கை ஒழுங்குபடுத்தாமல் ஹைட்ரஜன் கணக்கை மட்டும் போட்டுப் பயனில்லை.

நமது தேசத்தின் சொந்தச் சரித்திரமே இதற்குச் சாட்சி கூறுகிறது. இன்று புதுமையாகப் பேசப்படும் இக்காரியத்தைச் சுதந்திர இந்தியா அறுபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்திருக்கிறது. பஞ்சாபில் பக்ரா-நங்கல் நதித்திட்டம் உருவான காலத்தில், அந்த நீர்மின்சாரத்தை நம்பி நங்கலில் சர்க்கார் ஓர் உர ஆலையை நிறுவியது. 1961-இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்த ஆலை, சட்லெஜ் நதியின் மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஹைட்ரஜனை எடுத்து, காற்றிலுள்ள நைட்ரஜனோடு சேர்த்து அம்மோனியாவாக்கி, அதிலிருந்து பயிர்களுக்கு உரம் செய்தது. அந்த மின்பகுப்பின் உபபலனாக 1962-இல் இந்தியாவின் முதலாவது கனநீர் ஆலையும் அங்கேயே ஏற்பட்டது. நார்வேயின் ருயூக்கானிலும் எகிப்தின் அஸ்வானிலும் இதே முறை கையாளப்பட்டது. பெயர் சூட்டப்படவில்லையே தவிர, நங்கலில் பிறந்தது பசுமை ஹைட்ரஜனேயாகும்.

அந்த முயற்சி ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் சிந்திக்கத்தக்கது. சாஸ்திரம் பொய்த்ததா? இல்லை. கருவிகள் பழுதாயினவா? அதுவும் காரணமன்று. பஞ்சாபின் வயல்களில் குழாய்க் கிணறுகள் பெருகின, தொழில்கள் பெருகின, நகரங்கள் பெருகின. அத்தனை பேரும் அதே பக்ராவின் மின்சாரத்தைக் கேட்டார்கள். உர ஆலைக்கு மின்வெட்டு வந்தது. மின்வெட்டால் கனநீர் உற்பத்தியும் குன்றியது. பின்னர் 1970-களின் கடைசியில் அங்கே ஆலை விஸ்தரிக்கப்பட்டபோது, ஹைட்ரஜனுக்கு மூலப்பொருளாக அமைந்தது கனரக எரியெண்ணெய். விவசாயியின் கிணற்றுக்கும் ஆலையின் மின்பகுப்புக் கருவிக்கும் போட்டி வரும் காலத்தில், எந்த ஜனநாயக சர்க்காரும் கிணற்றின் பக்கமே நிற்கும், நிற்கவும் வேண்டும். ஆகவே அந்தப் போட்டி எழாதபடி முன்கூட்டியே மின்சாரத்தைப் பெருக்கி வைப்பதுதான் திட்டமிடுபவனுடைய தர்மம். நங்கல் நமக்கு விட்டுச் சென்றிருக்கும் உபதேசம் இதுவே என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் வகுத்த விதிகளில் இந்த எச்சரிக்கை பிரத்தியட்சமாகத் தெரிகிறது. ஹைட்ரஜனுக்கென்று புதிதாக நிறுவப்பட்ட மின்நிலையத்திலிருந்தே மின்சாரம் வரவேண்டும். அது அருகில் உள்ள பிரதேசத்திலிருந்து வரவேண்டும். இப்போதைக்கு மாதக் கணக்கிலும், 2030 முதல் மணிக் கணக்கிலும் உற்பத்தியும் உபயோகமும் பொருந்த வேண்டும் என்று அங்கே நிர்ணயித்திருக்கிறார்கள். நமது சர்க்கார் 2023 ஆகஸ்டில் விதித்த பிரமாணமோ, ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 2 கிலோவுக்கு மேற்படாத கரியமில வாயு என்று மட்டும் கூறி, அதைப் 12 மாதச் சராசரியாகக் கணக்கிட அனுமதிக்கிறது. 2 கிலோ என்ற எல்லை கண்டிப்பானதே, அதைப் பாராட்டுகிறேன். ஆனால் பகலில் மிகுந்த சூரிய மின்சாரத்தைத் தொடரில் கொடுத்துவிட்டு, நள்ளிரவில் அதற்கு ஈடாக நிலக்கரி மின்சாரத்தைப் பெற்றுக்கொண்டு, ஆண்டு முடிவில் கணக்கை நேர்செய்வது காகிதத்தில் சரியாகுமே தவிர ஆகாசத்தில் சரியாகாது. ஆரம்ப தசையில் ஒரு தொழிலுக்குச் சலுகை காட்டுவது நியாயம். அச்சலுகை எந்த ஆண்டில் முடிவடையும், மணிக் கணக்கு எப்பொழுது தொடங்கும் என்பதை இன்றே நாள் குறித்து அறிவித்துவிடுவது அதைவிட நியாயம்.

இனித் தமிழ்நாட்டின் நிலையைக் கவனிப்போம். 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை அமைந்தது. இன்று ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் பாலக்காட்டுக் கணவாயின் முகப்பிலும் நிற்கும் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆனால் அந்தக் காற்று வைகாசி முதல் புரட்டாசி வரை வீசி, பிறகு அடங்கிவிடுகிற காற்று. பருவ காலத்தில் எடுத்துக்கொள்ள ஆளில்லாத மின்சாரம் இருக்கிறது, அதை ஹைட்ரஜனாக்கிவிடலாம் என்று சிலர் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய மின்பகுப்புக் கருவி ஆண்டில் ஐந்து மாதம் மட்டும் ஓடி, மற்ற ஏழு மாதம் சும்மா கிடக்குமானால், அந்த ஹைட்ரஜனை வாங்க எவருக்கும் கட்டுப்படியாகாது. பருவக் காற்றோடு ராமநாதபுரத்து வெயிலையும், கடலுக்குள் அமையவிருக்கும் காற்றாலைகளையும், கடம்பாறையைப் போன்ற நீரேற்று மின்நிலையங்களையும் ஒன்றாகக் கோத்து, ஆண்டு முழுவதும் ஓரளவு சீராக மின்சாரம் வருமாறு செய்வதே இங்கே செய்ய வேண்டிய வேலை. இது எந்தத் தனிக் கம்பெனியாலும் தனியே செய்யக் கூடியதன்று; மின்தொடரைக் கையில் வைத்திருக்கும் அரசினாலேயே ஆகும்.

இரண்டாவது பிரச்சினை, கிடைத்த ஹைட்ரஜனை எதற்குச் செலவிடுவது என்பது. மின்சாரத்தை ஹைட்ரஜனாக்கி, அந்த ஹைட்ரஜனை மறுபடி மின்சாரமாக்கினால், போட்டதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் திரும்பிக் கைக்கு வரும். மின்கலத்தில் சேமித்தாலோ பெரும்பகுதி திரும்பி வருகிறது. ஆதலால், மின்சாரமே நேராகச் செய்யக்கூடிய வேலைக்கு ஹைட்ரஜனைக் கொண்டு வருவது வீண் விரயம். 2017-இல் உலகிலேயே முதலாவதாகத் தேசிய ஹைட்ரஜன் கொள்கை வகுத்த ஜப்பான், மோட்டார் கார்களின் மீது அதிக நம்பிக்கை வைத்தது. அந்த மைதானத்தில் மின்கல வாகனங்களே வென்றுவிட்டன. 2025 செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில், மணிக்குப் 10 கன மீட்டர், அதாவது ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைந்த ஹைட்ரஜனை உண்டாக்கும் ஒரு மாதிரி நிலையம் திறக்கப்பட்டது. அந்நிலையத்தின் ஹைட்ரஜன், துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளை எரிப்பதற்கும் மின்வாகனங்களுக்குச் சார்ஜ் ஏற்றுவதற்கும் பயன்படுகிறது. நம் இளைஞர்கள் அக்கருவியைக் கையாளப் பழகுவதற்கும், பாதுகாப்பு முறைகளைக் கற்பதற்கும் அது அரிய பாடசாலை. அந்த வகையில் அதை மனமார வரவேற்கிறேன். ஆனால் தெருவிளக்கும் காரும் ஹைட்ரஜனுக்கு உரிய இடமல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்லியாக வேண்டும்.

உரிய இடங்கள் சிலவே. முன்பே ஹைட்ரஜனை உபயோகித்து வரும் உர ஆலைகளும் சுத்திகரிப்பு ஆலைகளும் முதல் வரிசை. இரும்புத் தாதுவிலிருந்து பிராணவாயுவை நீக்கக் கற்கரிக்குப் பதில் ஹைட்ரஜனைக் கையாளும் எஃகுத் தொழில் இரண்டாவது. சுவீடனில் இம்முறையில் செய்த எஃகு 2021-லேயே ஒரு வாகனக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. நெடுந்தூரக் கப்பல்களின் எரிபொருள் மூன்றாவது. இவற்றிலெல்லாம் மின்கலம் ஈடு கொடுக்காது. ஹைட்ரஜன்தான் கைகொடுக்க வேண்டும்.

உரத்தைப் பற்றி இன்னும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் அது நேரே அன்னத்தோடு சம்பந்தப்பட்டது. யூரியாவைச் செய்ய அம்மோனியா மட்டும் போதாது, கரியமில வாயுவும் வேண்டும். இயற்கை வாயுவைப் பிரிக்கும் பழைய முறையில் இரண்டும் ஒரே ஆலையில் ஒருங்கே கிடைத்துவிடுகின்றன. நீரிலிருந்து ஹைட்ரஜன் எடுத்தால் அந்தக் கரியமில வாயு கிடைக்காது. ஆகையால் பசுமை அம்மோனியா எளிதாகப் பொருந்தும் இடம் யூரியா ஆலையன்று, டி.ஏ.பி. முதலான கலப்பு உரங்களைச் செய்யும் ஆலைகளே. அவற்றுக்காக நாம் ஆண்டுதோறும் 20 லட்சம் டன்னுக்கு மேல் அம்மோனியாவை அந்நிய தேசங்களிலிருந்து கப்பலில் தருவிக்கிறோம். இந்த நுட்பத்தை உணர்ந்து, சர்க்கார் 2025-இல் 13 உர ஆலைகளுக்காக ஆண்டுக்கு 7.24 லட்சம் டன் பசுமை அம்மோனியாவுக்கு ஏலம் நடத்தியது. வாங்குபவர் இன்னார், அளவு இவ்வளவு, இத்தனை ஆண்டுக்கு இன்ன விலை என்று முன்கூட்டியே உறுதி செய்த அந்த ஏலத்தில், விலை கிலோவுக்குச் சுமார் 50 ரூபாயிலிருந்து 65 ரூபாய் வரை அமைந்தது. வாயுவிலிருந்து வரும் சாதாரண அம்மோனியாவின் விலையை அது நெருங்கிவிட்டது. ஊக்கத்தொகை மட்டும் சாதித்திருக்க முடியாத காரியத்தை, நிச்சயமான கிராக்கி சாதித்தது. வாங்குவோர் இல்லாமையால் உற்பத்தி இல்லை, உற்பத்தி இல்லாமையால் வாங்குவோர் இல்லை என்ற முடிச்சை அவிழ்ப்பதற்கு அரசின் கை வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் வேண்டியதில்லை.

இத்தனை செலவு ஓர் ஏழை தேசத்துக்குத் தகுமா என்று ஆட்சேபிப்பவர்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு 7 ரூபாய் 1 காசு கொடுக்க ஒப்பந்தமாயிற்று. மறு ஆண்டே ராஜஸ்தானத்துப் பட்லாவில் ஏலத்தில் வந்த விலை 2 ரூபாய் 44 காசு. ஹைட்ரஜனின் விலையில் பெரும்பகுதி மின்சாரத்தின் விலையே. யூனிட்டுக்கு ஒரு ரூபாய் இறங்கினால் கிலோவுக்கு 55 ரூபாய் இறங்கும். அயல்நாட்டு இயற்கை வாயுவின் விலையோ, எங்கோ யுத்தம் மூண்டால் இங்கே ஏறிவிடுகிறது. 2022-இல் அதை அனுபவித்து அறிந்தோம். ஆகவே மலிவான, புதிய மின்சாரத்துக்குச் செய்யும் செலவு வீண் போகாது. ஹைட்ரஜன் தாமதமானாலும் அம்மின்சாரம் வீடுகளுக்கும் ஆலைகளுக்கும் உதவும்.

இனித் தண்ணீரின் விஷயம். தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டாகிய ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடி ஆலைகளுக்கு நாளொன்றுக்கு 2 கோடி காலன் தண்ணீர் எடுக்கும் திட்டம், கடைமடை விவசாயிகளின் நெடுநாளைய மனக்குறை. நீதிமன்றம் வரை போன மனக்குறை. அந்தச் சீமையில் புதிய ஆலை என்றவுடனே, தண்ணீர் எங்கிருந்து என்று ஜனங்கள் கேட்பது முற்றிலும் நியாயம். கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் நீர் ரசாயனக் கணக்கின்படி வேண்டும். சுத்திகரிப்பில் கழிவதும் குளிர்விக்கச் செலவாவதும் சேர்த்தால் 20, 25 லிட்டர் ஆகலாம். ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் ஹைட்ரஜன் செய்ய, நாளொன்றுக்கு 55 முதல் 70 லட்சம் லிட்டர் வரை தேவை. கடல்நீரைக் குடிநீராக்க ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 4 யூனிட் மின்சாரம் பிடிக்கும். ஆகவே 25 லிட்டருக்கு ஒரு யூனிட்டில் பத்திலொரு பங்கு. 55 யூனிட் விழுங்கும் காரியத்தில் இது ஐந்நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பதால் ஹைட்ரஜனின் விலை ஏறிவிடும் என்று எவரேனும் சொன்னால், அது கணக்குக்கு நிற்காத வாதம். ஆறு வேண்டாம், குளம் வேண்டாம், நிலத்தடி நீரும் வேண்டாம், கடல்நீர் ஒன்றே என்று முதல் நாளிலேயே சட்டமாக்கிவிடுவதற்கு ஒரு தடையும் இல்லை.

ஆனால் கடலுக்கும் நாம் கடமைப்பட்டவர்கள். சுத்திகரித்து எடுத்த நீரைவிட அதிக அளவில், உப்பு இறுகிய கழிவுநீர் கடலுக்குத் திரும்பிப் போகும். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா, பவளப் பாறைகளுக்கும் கடற்புல் வெளிகளுக்கும் அந்தப் புல்லை மேயும் கடற்பசுக்களுக்கும் உறைவிடம். சங்கு குளிப்பவர்களும் நாட்டுப்படகுக்காரர்களும் அந்தக் கடலை நம்பியே பிழைக்கிறார்கள். ஆலைக்கு ஓர் ஆலையாக ஒவ்வொருவரும் தத்தம் இஷ்டப்படி குழாய் போட்டுக் கரையோரத்தில் உப்புக் கழிவைக் கொட்ட விட்டுவிட்டு, பிறகு பவளம் வெளுத்ததென்று கமிட்டி அமைப்பது புத்திசாலித்தனமன்று. ஒரே பொதுச் சுத்திகரிப்பு நிலையம், அதற்கு ஒரே வெளியேற்றம், அதுவும் பூங்காவுக்கு எட்டாத திசையில் நீரோட்டம் பார்த்து அமைய வேண்டும்; அதன் அளவுகள் மீனவர் சங்கங்களின் பார்வைக்கு மாதந்தோறும் வைக்கப்பட வேண்டும். இதை இடத்தின் வரைபடம் போடும்போதே செய்யலாம். ஆலைகள் எழுந்த பிறகு செய்ய இயலாது.

அம்மோனியாவின் அபாயத்தையும் மறைக்கக் கூடாது. பசுமையான வழியில் பிறந்தாலும் அது நச்சு வாயுதான். 2023 டிசம்பர் 26-ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி எண்ணூரில், கப்பலிலிருந்து ஆலைக்கு அம்மோனியாவைக் கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டு, பெரியகுப்பம் முதலிய மீனவக் கிராமத்து மக்கள் கண் எரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் வீதிக்கு ஓடி வந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தூத்துக்குடியிலோ இப்பொழுது இருப்பதைவிடப் பன்மடங்கு அம்மோனியாவைச் சேமித்துக் கப்பலேற்றுவது உத்தேசம். குடியிருப்புகளிலிருந்து போதிய தூரம், தானே இயங்கும் அடைப்பான்கள், கிராமந்தோறும் எச்சரிக்கை ஒலி, எந்தத் திசையில் ஓட வேண்டுமென்ற ஒத்திகை ஆகியவை ஆலைக்கு அனுமதி வழங்குவதற்கு முன்பே நிறைவேற வேண்டிய நிபந்தனைகள். ஹைட்ரஜன் கசிந்தாலும் நஷ்டமே. அது நேரடியாக அன்றி மறைமுகமாகப் பூமியின் உஷ்ணத்தை உயர்த்தும் என்றும், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 11 மடங்கு வலிமை அதற்கு உண்டென்றும் அண்மைய ஆராய்ச்சி காட்டுகிறது.

மகாராஷ்டிரம், ஆந்திரம், உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்கள் தனித்தனியே ஹைட்ரஜன் கொள்கைகளை வெளியிட்டிருக்கின்றன. பத்திரக் கட்டண விலக்கு, மின்சார வரி விலக்கு, நிலச் சலுகை என்று ஒன்றையொன்று முந்திக்கொண்டு விட்டுக்கொடுப்பதே அவற்றில் பெரும்பகுதி. சலுகைகளின் ஜாபிதாவைத் திட்டம் என்று சொல்வதற்கில்லை. எந்த மின்சாரம், எந்த நீர், எந்த உபயோகம், எந்த ஆண்டுக்குள், யாருடைய மேற்பார்வையில் என்ற கேள்விகளுக்கு விடை கூறுவதே திட்டம். ஏற்றுமதியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்வேன். தூத்துக்குடியிலிருந்து பசுமை அம்மோனியா ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் போவதில் தவறில்லை. அந்நியச் செலாவணி தேவையே. ஆனால் நமது சிறந்த காற்றும் வெயிலும் அந்நியர் ஆலைகளின் புகையைப் போக்கச் செலவாகி, நமது ஊர்களில் அனல் மின்நிலையச் சாம்பல் பறந்துகொண்டே இருக்குமானால் அதை முன்னேற்றம் என்று எவ்வாறு சொல்வது? 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தவரின் பெயரைத் தாங்கிய துறைமுகத்துக்கு, சுதேசத்தின் தேவையே முதல் தேவையாக இருப்பது அழகு.

நிலத்தையும் உழைப்பையும் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு முழுமை பெறாது. தூத்துக்குடி உப்பளங்களில், விடியுமுன்னே கண் கூசும் பாத்திகளில் இறங்கி, வெடித்த பாதங்களோடு உப்பு வாரும் பெண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மழைக் காலம் வந்தால் அவர்களுக்கு மாதக்கணக்கில் வேலை இல்லை. தரிசு என்றும் புறம்போக்கு என்றும் ரிக்கார்டில் எழுதப்பட்ட நிலங்களில் ஆடு மேய்ப்பவர்களும் பனையேறிகளும் பிழைக்கிறார்கள். இவர்கள் பெயர் எந்தப் பட்டாவிலும் இல்லாமையால், நிலம் கைமாறும்போது நஷ்டஈட்டுக் கணக்கிலும் வருவதில்லை. இவர்களுடைய பிள்ளைகளைத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இன்றே சேர்த்து, மின்பகுப்புக் கருவியைப் பராமரிக்கவும், உயர் அழுத்தக் குழாய்களைப் பற்றவைக்கவும், வாயுக் கசிவைச் சோதிக்கவும் பழக்கினால், ஆலை எழும்பும் நாளில் ஆள் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. திட்டம் என்ற சொல்லுக்கு மனிதர்களை முன்கூட்டி ஆயத்தம் செய்வதும் ஒரு பொருள்.

முடிவாக, நமது மத்திய, மாநில சர்க்கார்களிடம் நான் வேண்டுவதைத் தொகுத்துக் கூறுகிறேன். ஹைட்ரஜன் ஆலை ஒவ்வொன்றுக்கும் இணையாகப் புதிய காற்று, சூரிய மின்நிலையம் முதலில் எழ வேண்டும். மணிக் கணக்கு தொடங்கும் ஆண்டை இப்பொழுதே அறிவிக்க வேண்டும். உரமும் சுத்திகரிப்பும் எஃகும் கப்பலும் தவிர்த்த உபயோகங்களுக்குப் பொதுப்பணத்திலிருந்து ஊக்கத்தொகை கூடாது. கடல்நீர் தவிர வேறு நீர் கூடாது. உப்புக் கழிவுக்குப் பொது ஏற்பாடு வேண்டும். அம்மோனியாக் கிடங்குகளுக்கு அருகேயுள்ள கிராமசபைகளின் அறிவார்ந்த சம்மதம் வேண்டும். ஆண்டுதோறும் எத்தனை டன் உற்பத்தியாயிற்று என்பதோடு, எத்தனை டன் கரியமில வாயு மெய்யாகவே குறைந்தது என்பதையும் சட்டசபையின் முன் வைக்க வேண்டும்.

அன்பர்களே, 50 லட்சம் டன் என்ற இலக்கு 2030-இல் எட்டப்படாமல் 2035-இல் எட்டப்பட்டாலும் அதற்காக நான் வருந்தமாட்டேன். ஆனால் அனல் மின்சாரத்தால் அதை அவசரமாக எட்டிவிட்டு வெற்றி என்று கொண்டாடினால் மிகவும் வருந்துவேன். நல்ல திட்டத்தை நிபுணர் எழுதலாம், மந்திரிசபை அங்கீகரிக்கலாம். அதை நேர்மையாக நடத்தி வைப்பவர்கள், கணக்குக் கேட்கத் தெரிந்த பிரஜைகளே. தூத்துக்குடிக்கு வரும் ஒவ்வொரு ஆலையிடமும் உன் மின்சாரம் எது, உன் நீர் எது, உன் சரக்கு எங்கே போகிறது என்று கேளுங்கள். திருப்தியான பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். அதுவே இன்று உங்களிடம் நான் விநயமாகச் சமர்ப்பிக்கும் விண்ணப்பம்.